வாலிபால் ஆட மலையிலிருந்து இறக்கப்பட்ட மச்சானுக்கு

என் பிரியத்துக்குரிய மச்சான் ஏழுமலைக்கு,

நீ இப்போது எங்கே இருந்தாலும், நாலு பக்கமும் தெரிகிற மாதிரி ஒரு மேடான இடமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பாய். அது உன் தொழில் புத்தி. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறவன் நீ. அதனால் கீழே நடப்பதெல்லாம் உனக்குத் தெரிந்தும் இருக்கலாம். ஆனாலும் என் வாயால் சொல்லியாக வேண்டும். பத்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் வீட்டு விஷயம். உன் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் போய்விட்டாள். உன்னை மாதிரியே எதிரில் பேசுகிறவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள். உன் தங்கச்சி கலாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கம்மி. உன் முதல் வருஷத் திதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்கு உன் பெட்டியைத் திறந்ததில்தான் ஒரு விஷயம் வெளியே வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் கூடவில்லை.

ஆம்பூரில் நம் ஷூ கம்பெனியில் ஒரு கூத்து. லைன் கடைசியில் நின்று தையல் சரியா, ஒட்டு சரியா என்று பார்க்கிற செக்கிங் ஆட்களை மறுபடியும் லைன் சூப்பர்வைசர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். நீ செக்கிங்கில் இருந்தவரை அதற்கு விடவில்லை. "என் பேரு குவாலிட்டி டிப்பார்ட்மென்ட் நோட்ல இருக்கட்டும். ஆனா நான் நிக்கிறது இந்த லைன்ல. என்னை இங்கேர்ந்து எடுக்கணும்னா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்" என்று மேனேஜரிடம் நீ சொன்னதை, கேட் செக்யூரிட்டியில் இருந்த நானே கேட்டேன். அவருக்கு அது ஏதோ யூனியன் பேச்சு மாதிரி இருந்திருக்கும். அது எந்த மலையில் கற்றுக்கொண்ட பேச்சு என்று எனக்குத்தான் தெரியும்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

நம் பீரங்கி ரெஜிமென்ட்டின் பழைய ஆட்கள் சங்கம் ஒரு மலர் போடுகிறது. காட்பாடி சம்பந்தம்தான் செயலாளர். சுபேதாராக ஓய்வு பெற்று வந்து இப்போது வீடு வாங்கி விற்கிறானே, அவனேதான். மலரில் என்னைப் பற்றி வருகிற பக்கத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி வாட்ஸப்பில் அனுப்பினான். முதலில் ஆசையாகத்தான் திறந்தேன், மச்சான். பொய் சொல்வானேன்.

அந்தப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "காலாட்படையுடன் இணைக்கப்பட்டிருந்த முன்னணிப் பார்வையாளர் அன்று தமது இடத்தில் இல்லாத காரணத்தால் குழப்பம் ஏற்பட்டது. கமாண்ட் போஸ்ட்டில் இருந்த குமரேசன் சமயோசிதமாகச் செயல்பட்டு இலக்கைத் தெரிவித்ததால் பெரும் இழப்பு தவிர்க்கப்பட்டது." உன் பெயர் இல்லை. ஆனால் அந்த மலையில் அந்தக் கம்பெனியோடு எட்டு மாதம் இருந்த பார்வையாளன் யார் என்று நம் ஆட்களில் யாருக்குத் தெரியாது?

நாலு பக்கம் தள்ளி இன்னொரு பக்கம். கோப்பையோடு வாலிபால் அணி நிற்கிற போட்டோ. இரண்டாவது வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆள் நீ. "ரெஜிமென்ட்டுக்குப் பெருமை சேர்த்தவர்கள்" என்று போட்டு, உன் பெயரை முழுசாக இன்ஷியலோடு அச்சடித்திருக்கிறார்கள். அந்தக் கோப்பையும் இந்தக் குழப்பமும் ஒரே நாளில் நடந்தவை என்று இரண்டு பக்கத்திலும் ஒரு எழுத்து இல்லை. பெருமைக்கு உன் பேர் வேண்டும், பழிக்கு உன் பதவி வேண்டும். எவ்வளவு சாமர்த்தியம் பார்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இந்தக் கடிதத்தை உன் மகளும் படிப்பாள், ஊரும் படிக்கும். அவர்களுக்காக முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

பீரங்கிக்குக் கண் கிடையாது. அது மலைக்குப் பின்னால், மைல் கணக்கில் தள்ளி நிற்கும். தான் போடுகிற குண்டு எங்கே விழுகிறது என்று அதற்குத் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்ல ஒரு சின்னக் குழு முன்னால் போகும். ஒரு ஆபீசர், நீ, வயர்லெஸ்காரர்கள் இரண்டு பேர். காலாட்படைக் கம்பெனியோடு கம்பெனியாக, எதிரிக்கு நேர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இடது ஐம்பது, இன்னும் நூறு தள்ளிப் போடு" என்று சொல்ல வேண்டும். கீழே கமாண்ட் போஸ்ட் என்கிற பள்ளத்தில் நான் பலகையும் பென்சிலுமாக உட்கார்ந்து, நீ சொன்னதைக் கணக்குப் போட்டுப் பீரங்கிக்குக் கொடுப்பேன். நீ கண், நான் கை. நடுவில் ஒரு வயர்லெஸ் குரல்.

இதில் என்ன அநியாயம் என்றால், அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரன் யார் என்று யாருக்கும் தெரியாது. உன் பெயர் பீரங்கி ரெஜிமென்ட் புத்தகத்தில். உன் உடம்பு காலாட்படையோடு. லீவு கேட்டால் காலாட்படை மேஜர், "உங்க ரெஜிமென்ட்ல கேளு" என்பார். குளிர் கோட்டு கேட்டால் ரெஜிமென்ட், "நீ இப்ப அவங்களோட இருக்கே, அங்கே வாங்கிக்கோ" என்று சொல்லும். அந்த முதல் மாதம் நீ யாருடைய கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாய்? அந்தக் காலாட்படைக் கம்பெனியின் நாயக் பிஷனுடையது. மலைக்காரன். உன் வாயில் வந்த தமிழையெல்லாம் பொறுக்கி, "இன்னா பாய், சாப்ட்டியா" என்று உன்னையே கேட்டவன்.

நீ அங்கே செய்த ஒரு காரியத்தை எந்தப் பயிற்சிப் பள்ளியும் சொல்லித் தருவதில்லை. எதிரில் தெரிந்த ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நம் ஊர்ப் பேர் வைத்தாய். தண்ணீர் விழுகிற பாறைக்கு நம் அருவி அமிர்தியின் பேர். உருண்டையாக நின்ற கல்லுக்கு ஆற்காட்டு இனிப்பு மக்கன் பேடா. கோவேறு கழுதைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு போகிற ஒடுங்கிய ஓடைப் பள்ளத்துக்கு வேலூர்க் கடைத்தெரு லாங் பஜார். ஒவ்வொன்றுக்கும் முறைப்படி ஒரு இலக்கு எண் உண்டு. ஆனால் எண் யாருக்கு மனதில் நிற்கும்? ஒரே மாதத்தில் அந்தக் கம்பெனியில் சமையல்காரன்வரை லாங் பஜார் என்றுதான் சொன்னான். வேலூரையே பார்க்காத நூறு பேர், மச்சான்.

அப்படி ஊன்றிப் போன ஆளை ஒரு நாள் காலையில் கீழே இறக்கினார்கள். எதற்கு? வாலிபால் மேட்ச். பக்கத்து ரெஜிமென்ட்டோடு இறுதிப் போட்டி, வலைக்கு முன்னால் எம்பி அடிக்க உன்னை விட்டால் ஆள் இல்லை. உன் குழு மொத்தத்தையும் மாற்றி, வேறு பீரங்கிப் பேட்டரியிலிருந்து புதுக் குழு மேலே போகும் என்றார்கள். "புதுசா வர்றவங்க வந்து சேரட்டும் சாப். நாலு நாள் கூட இருந்து எல்லாத்தையும் காட்டிட்டு வர்றேன்" என்று நீ கெஞ்சினாய். வண்டி நிற்கிறது, உடனே இறங்கு என்று பதில் வந்தது. அவர்கள் ஏறுகிற வழி வேறு, நீ இறங்குகிற வழி வேறு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. காலாட்படை மேஜரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை, நீ எங்கள் ஆள் அல்லவா.

மூன்றாம் நாள் காலை மூடுபனியில் எதிரி அந்தப் பள்ளத்து வழியாக ஏறினான். மேஜருக்கு அடிபட்டுவிட்டது. வயர்லெஸ் பிஷன் கைக்கு வந்தது. அவனுக்கு எண் தெரியாது. "லாங் பஜார் மேல ஃபயர் வேணும், லாங் பஜார்" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அந்த வயர்லெஸ் என் பள்ளம்வரை எட்டாது. அடுத்த மேட்டில் இருந்த புது ஆபீசர்தான் அதைக் கேட்டு வரைபடத்தை விரித்துத் தேடினார். எந்த வரைபடத்தில் இருக்கும் லாங் பஜார்? ஏழெட்டு நிமிஷம் கழித்து அவருக்கு என்னிடம் கேட்கத் தோன்றியது. என் பலகையில் எண்ணுக்குப் பக்கத்திலேயே தமிழில் எழுதி வைத்திருந்தேன். கேட்ட அடுத்த நொடி சொன்னேன். பீரங்கி அடித்தது. கம்பெனி பிழைத்தது. பிஷன் பிழைக்கவில்லை.

அதே நாள் சாயங்காலம் நீங்கள் கோப்பையை ஜெயித்தீர்கள். கையில் கோப்பையோடு நின்றவனிடம்தான் செய்தியைச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் நீ பந்தைத் தொடவில்லை. நம் ஊர் மைதானத்தில் பசங்கள், "அண்ணே, ஒரே ஒரு செட்டு" என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பார்கள். தோள் வலி என்று சொல்லிவிட்டுச் சுற்று வழியில் போவாய். உன் தோளுக்கு ஒரு குறையும் இல்லை. ரெஜிமென்ட்டில் உனக்கு "வாலிபால்" என்றே பேர் வைத்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்கள், நீயும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாய்.

போன ஞாயிறு வேலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் சங்கக் கூட்டம். ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர் வந்து, முன்னணிப் பார்வையாளர்களை, அதாவது ஓ.பி.க்களை, ராணுவத்தில் யாருடைய கையில் வைப்பது என்று பேசினார். தலைப்பைப் பார்த்ததும், உனக்காகவே வைத்த கூட்டம் என்று நினைத்துப் போனேன்.

"ஓ.பி.ங்கிறவன் பீரங்கியோட கண்ணு. கண்ணைப் பிடுங்கி இன்னொருத்தர் முகத்துல வைக்க முடியுமா?" என்றார். கைதட்டல்.

விருந்தாளியாக வந்திருந்த ஆற்காட்டுக் காலாட்படைக்காரர் ஒருவர் எழுந்தார். "கண்ணு உங்களோடதா இருக்கட்டும் சார். வருஷம் பூரா ஒரே ஆளை எங்களோட விடுங்க. மாசத்துக்கு ஒருத்தரை அனுப்பினா, அவருக்கு எங்க ஆளுங்க பேரே தெரியறதில்ல. அடிபட்டா யாரைக் கூப்பிடறதுன்னு அவரும் முழிக்கிறாரு."

"உங்க கையில குடுத்தா ஆறே மாசத்துல ஸ்டோர் காவலுக்குப் போட்ருவீங்க. பீரங்கி சத்தமே மறந்துபோய்டும் அவனுக்கு." என்றார் கர்னல். மண்டபம் சிரித்தது.

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். நாமும் இருபது வருஷமாக ஆம்பூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் இதையேதான் சண்டை போட்டோம். பார்வையாளனைக் காலாட்படைக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. கொடுத்திருந்தால் உன்னைப் பந்தாட இறக்கியிருக்க முடியுமா என்று கேட்பேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே தலையாட்டுவாய். "அப்டி இல்ல மாப்ளே. பீரங்கிக்காரன் என் குரலை நம்பித்தான் அடிக்கிறான். நான் அவன் வீட்டு ஆளா இல்லன்னா நம்ப மாட்டான். ஒரு மலையில ஓ.பி. செத்துட்டா, அடுத்த மலையிலேர்ந்து ஆளை அனுப்பறதும் ரெஜிமென்ட்டுதான். பேரு அங்கயே இருக்கட்டும். ஆனா ஆளை எடுக்கணும்னா, அவனை நம்பி உக்காந்திருக்கிற கம்பெனி மேஜர் கையெழுத்துப் போடணும். புதுசா வர்றவன் நாலு நாள் என் பக்கத்துல உக்காந்துட்டுப் போகணும். அவ்ளோதான் கேக்குறேன்."

நீ கேட்டது அவ்வளவுதான். ஒரு கையெழுத்து, நாலு நாள். அதைப் பற்றி அந்த மண்டபத்தில் ஒருவரும் பேசவில்லை. இனிமேல் ட்ரோன் பார்த்துக்கொள்ளும், ஆளே தேவைப்படாது என்று கர்னல் முடிக்கப் போனார். அந்த ட்ரோனும் யாரோ ஒருவர் கையில்தானே இருக்கும்? மேட்சைப் படம் பிடிக்க வேண்டும் என்று அதையும் ஒரு நாள் இறக்க மாட்டார்களா?

முடிக்கும்போதுதான் அந்த உதாரணத்தைச் சொன்னார். "இருக்க வேண்டிய இடத்துல ஓ.பி. இல்லன்னா என்ன ஆகும்னு நம்ம ரெஜிமென்ட்டே பட்டிருக்கு."

நான் எழுந்துவிட்டேன். "இல்லன்னு சொல்றீங்களே சார், இறக்கினது யாரு?" என்று கேட்டேன். எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. "எதுக்கு இறக்கினாங்கன்னும் சொல்லுங்க. மலர்ல கோப்பையோட போட்டோ இருக்குதே, அந்தத் தேதியையும் போடுங்க." கர்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நல்ல மனிதர்தான். அந்தச் சமயம் அவர் ரெஜிமென்ட்டிலேயே இல்லை. யாரோ எழுதிக் கொடுத்ததைச் சொன்னார்.

சம்பந்தம் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "உக்காருய்யா குமரேசா. இன்னாத்துக்கு பேஜார் பண்றே? செத்தவன் வந்து கேக்கப் போறானா? உன்னைப் பத்தி நல்லாத்தானே போட்டிருக்குது. கையெழுத்தைப் போட்டுட்டு சாப்பிட்டுப் போ."

செத்தவன் வந்து கேட்கப் போகிறானா. அந்த வார்த்தைக்கு அவனை அங்கேயே அறைந்திருப்பேன். அறையவில்லை. கையெழுத்தும் போடவில்லை, சாப்பிடவும் இல்லை. வெளியே வந்து லாங் பஜார் வழியாகவே நடந்தேன். தள்ளுவண்டியும் டூ வீலருமாக அதே நெரிசல். ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். நடுத்தெருவில் நின்று அழுதேன், மச்சான். ஒரு வெங்காய மூட்டைக்காரர், "இன்னா பெரியவரே, உடம்பு சரியில்லையா, ஓரமா வாங்க" என்று கையைப் பிடித்து நிறுத்தினார்.

கோபத்தில் அழுதேன் என்றுதான் வீட்டில் சொன்னேன். அது பாதிதான். 'உன்னைப் பத்தி நல்லாத்தானே போட்டிருக்குது' என்றானே, அதுதான் மீதி.

மண்டபத்தில் அவ்வளவு கத்தினேனே, ஒன்றை விட்டுவிட்டுத்தான் கத்தினேன். இருபது வருஷமாக எல்லா இடத்திலும் விட்டுவிட்டுத்தான் கத்துகிறேன்.

நீ இறங்கின அன்று காலையில், வண்டி ஏறும் முன் வயர்லெஸ் லைனில் என்னைக் கூப்பிட்டாய். "மாப்ளே, எழுதிக்கோ" என்று ஒவ்வொரு பேருக்கும் எண்ணைச் சொன்னாய். என் பலகையில் ஏற்கெனவே இருந்ததுதான், இருந்தாலும் சரிபார்க்க வைத்தாய். "புதுசா வர்ற சாப் மேல போய் லைனுக்கு வந்த உடனே இதைச் சொல்லிடு. மொதல் வேலையா சொல்லு. அவங்களுக்குப் பேருதான் தெரியும்." நான் சரி என்றேன்.

புது ஆபீசர் அன்று மத்தியானமே லைனில் வந்தார். கறாரான குரல், சுத்தமான இங்கிலீஷ். இலக்கு எண்களை வரிசையாகச் சரிபார்த்தார். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். மச்சான், அவர் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. மக்கன் பேடா, லாங் பஜார் என்று அந்தக் குரலிடம் எப்படிச் சொல்வது? மதராஸிக்காரன் யுத்தத்தில் பேடா சாப்பிடுகிறான் என்று மெஸ்ஸில் சிரிப்பார்களே என்று வெட்கமாக இருந்தது. ஒன்றும் இல்லை சார் என்றேன். நாளைக்குப் பழகினதும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

அதற்கு மறுநாள்தான் பிஷன் கூப்பிட்டான்.

விசாரணையில் என்னிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்ட நொடியில் பதில் சொன்னவன் என்று தட்டிக்கொடுத்தார்கள். உன்னைத்தான் கேட்டார்கள். கூடாரத்துக்கு வெளியே என் முறைக்காக நின்றுகொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. "புதுக் குழுவுக்கு விவரம் சொல்லிவிட்டு வந்தாயா?" என்றார்கள். "இல்லை சாப், அவங்களைப் பார்க்கவே இல்லை" என்றாய். அதோடு நிறுத்திக்கொண்டாய். 'கமாண்ட் போஸ்ட்டில் சொன்னேன்' என்று இன்னும் மூன்று வார்த்தை உன்னிடம் இருந்தது. அந்த மூன்று வார்த்தைக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ சொல்லவில்லை. வெளியே வந்தபோது என் தோளில் கை வைத்தாய். "பேரு வச்சவன் நான் மாப்ளே. என் தப்பும் இருக்குது" என்றாய். அதற்கப்புறம் நாம் அதைப் பற்றிப் பேசினதே இல்லை.

அதனால்தான் டீக்கடையில் அவ்வளவு ஆவேசமாக வாதாடினேன் என்று இப்போது தோன்றுகிறது. ஏற்பாடுதான் தப்பு, ராணுவம்தான் தப்பு என்று நிரூபித்துவிட்டால் நான் தப்பித்துக்கொள்ளலாம். ஏற்பாடு தப்புதான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. உன்னை இறக்கியவர்களை இன்றைக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனால் அந்தத் தப்பு வந்து உட்கார்ந்த இடம் என் வாய்.

இப்போது உன் பெட்டி விஷயம். திதிக்கு உன் பழைய வேட்டியைத் தேடிக் கலா பெட்டியைத் திறந்தாள். அடியில் ஒரு பாக்கெட் நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்தைக் கிழித்திருக்கிறாய், எண்கள் இருந்த பக்கம். வெளியே போகக் கூடாதது என்று உனக்குத் தெரியும். பேர்கள் மட்டும் இருந்தன. அமிர்தி, பாலாறு, கோட்டை, மக்கன் பேடா, லாங் பஜார். கீழே உன் கோணல் எழுத்தில், "எல்லாம் மாப்ளேகிட்ட சொல்லியாச்சு. காலை எட்டு மணி."

கலா அதைப் படித்துவிட்டு, "இது இன்னாங்க, கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினதா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். கல்யாணத்துக்கு முன்பே நாம் மாமன் மச்சான்தானே, அது ஊரில் பசங்கள் கூப்பிடுகிற வழக்கம். அடுத்த வருஷம் நீயே வந்து என் அப்பாவிடம் பேசி அதை நிஜமாக்கினாய். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் முறையாக ஒரு மனுஷியிடம் சொன்னேன். அவள் வேட்டியை மடித்துக்கொண்டே கேட்டாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

கடைசியில் ஒன்றுதான் கேட்டாள். "எங்கண்ணன் இது தெரிஞ்சுதான் என்னை உங்களுக்குக் கட்டிக் குடுத்துச்சா?"

அதற்கு நான் என்ன சொல்வது, மச்சான்? தெரிந்துதான் கொடுத்தாய். எதற்குக் கொடுத்தாய்? என்னை மன்னித்துவிட்டேன் என்று எனக்குச் சொல்லவா? இல்லை, நான் ஒரு நாள் சொல்லுகிறேனா என்று பக்கத்திலிருந்தே பார்க்கவா? அந்த நோட்டை ஏன் கிழித்துப் போடவில்லை? ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நான் உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு தடவை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாயே, அப்போதாவது நான் பேசுவேன் என்று இருந்தாயா?

அந்த மூடுபனி நாளுக்காக ரெஜிமென்ட் எனக்குக் கொடுத்த பாராட்டுச் சான்று இருபது வருஷமாக நம் வீட்டுக் கூடத்தில் தொங்கியது. நீ வரும்போதெல்லாம் அதற்கு நேர் கீழேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்தாய். நேற்று அதைக் கழற்றிவிட்டேன். ஆணி அப்படியே இருக்கிறது. "அண்ணன் போட்டோவை அங்க மாட்டிரலாங்க" என்றாள் கலா. இப்போது வேண்டாம் என்றேன். அந்த இடம் இன்னும் சுத்தமாகவில்லை.

வருகிற ஞாயிறு மறுபடி கூட்டம். மலரை அச்சுக்கு அனுப்புமுன் கடைசிக் கூட்டம். நான் எழுதிக்கொண்டு போகிறேன். பார்வையாளன் இடத்தில் இல்லை என்பதை எடுத்துவிட்டு, வாலிபால் ஆட இறக்கப்பட்டான் என்று போடச் சொல்வேன். சமயோசிதம் என்பதை எடுத்துவிட்டு, இரண்டு நாள் முன்பே சொல்லி வைத்திருந்ததைச் சொல்லாமல் இருந்தவன் குமரேசன் என்று போடச் சொல்வேன். ஒரு கையெழுத்து, நாலு நாள் என்று நீ கேட்டதை உன் பேரோடு படிப்பேன். பிஷன் பேரையும் படிப்பேன், அவன் பேர் அந்த மலரில் எங்கேயுமே இல்லை. சம்பந்தம் சட்டையைப் பிடித்து இழுத்தால் கிழியட்டும். அதில்தான் என் கையெழுத்து இருக்கும், வேறு எதிலும் இருக்காது.

புது ஆபீசர் கேட்ட மாதிரி யாராவது, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டால், இந்தத் தடவை உண்டு என்று சொல்வேன். இது சத்தியம், மச்சான். சொல்லிவிட்டு வந்து, என் கையாலேயே உன் போட்டோவை அந்த ஆணியில் மாட்டுகிறேன். கூடம் முழுக்கத் தெரிகிற இடம் அது. நீ நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி கலாவின் புருஷன்,
நீ நம்பிச் சொல்லிவிட்டுப் போன உன் மாப்பிள்ளை
குமரேசன்